ஃபிளாரன்ஸில் ஒரு செமஸ்டர்: கலை வரலாறு படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரிப் படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கழிக்கப் போகும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். விசாவும் வரும், சுவரோவியமும் வரும். அங்கே படித்த காலத்திலும், பிறகு போகிறவர்களுக்கு வழி சொல்லும் காலத்திலும் எனக்கு மேலும் மேலும் உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. நிறையப் பார்க்கிறவர்களைவிட, சிலவற்றையே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவர்கள்தான் இந்த ஊரிலிருந்து அதிகம் கற்றுக்கொள்கிறார்கள். கீழே உள்ள பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

நான் கலை மாணவர் அல்ல. பொறியியலோ வணிகவியலோ படிக்கிறவர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பொறியியல் மாணவருக்கு இந்த ஊர் வைத்திருக்கும் பாடம் பேராலயத்தின் குவிமாடம். சுமார் 45 மீட்டர் அகலமுள்ள திறப்பை, தரையிலிருந்து மரச்சட்டம் எழுப்பித் தாங்காமல், செங்கல்லாலேயே மூடிக் காட்டினார் பிலிப்போ புருனெல்லெஸ்கி. வேலை 1420இல் தொடங்கி 1436இல் முடிந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். செங்கற்கள் மீன்முள் போலச் சாய்த்தும் நிறுத்தியும் அடுக்கப்பட்டிருக்கின்றன. 463 படிகள் ஏறி உச்சிக்குப் போகும்போது அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவேதான் நடக்கிறீர்கள். கட்டியவர் யோசித்த விதத்தைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

வணிகவியல் மாணவருக்கும் வேலை இருக்கிறது. இந்த ஊரின் தங்க நாணயமான ஃபுளோரின் 1252இலிருந்து அச்சிடப்பட்டது. கலைக்குப் பணம் கொடுத்தவர்கள் வங்கிக்காரர்களும் துணி வணிகர்களும் ஒரே தொழில் செய்தவர்களின் கூட்டமைப்புகளும்தான். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இன்னொசெந்தி இல்லத்துக்கு டொமெனிகோ கிர்லாந்தாயோ 1485இல் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. நீல நிறம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃபுளோரின் மதிப்புள்ள உயர்தர நீலமாக இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் அந்த ஓவியம் இன்றும் அதே கட்டடத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போய் நின்றால், அங்கே இருக்கும் நீலம் ஒவ்வொன்றையும் விலையோடு சேர்த்துத்தான் பார்ப்பீர்கள்.

ரோம், பாரிஸ், வியன்னா இருக்க, ஏன் ஃபிளாரன்ஸ்?

உங்கள் விருப்பம் பழங்கால ரோமானியக் கலை அல்லது பரோக் என்றால் ரோமுக்கே போங்கள். நவீன ஓவியம் என்றால் ஃபிளாரன்ஸ் உங்களுக்கான ஊர் அல்ல. ஆனால் 1300 முதல் 1550 வரையிலான காலத்தைப் படிக்க இதற்கு ஈடான ஊர் இல்லை.

பழைய நகரம் சிறியது, எல்லாம் நடந்து போகும் தூரம். அதைவிட முக்கியமான காரணம், இங்கே செய்யப்பட்டவற்றில் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. அதற்கு ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த ஊரை ஆண்ட மெடிசி வம்சத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயிசா. ஆட்சி வேறு குடும்பத்தின் கைக்குப் போன 1737இல் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மெடிசிகளின் ஓவியங்கள், சிற்பங்கள், நூல்கள் எதையும் ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் உஃபிஸி கூடத்தில் இன்று நாம் பார்ப்பவை பல அரண்மனைகளுக்குச் சிதறியிருக்கும்.

போவதற்கு முன் என்ன படிக்க வேண்டும்?

முதலில் விவிலியக் கதைகள். ஆதியாகமத்திலிருந்து முக்கியக் கதைகள், நான்கு நற்செய்திகள், புனிதர்களின் வரலாறு. இதைப் பக்திக்காகச் சொல்லவில்லை. சுவரில் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல், எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பேச முடியாது. புனிதர்களை அடையாளம் காட்டும் பொருள்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: கையில் சாவி இருந்தால் பேதுரு, உடலெங்கும் அம்பு பாய்ந்திருந்தால் செபஸ்தியார், முள் பதித்த சக்கரம் இருந்தால் கத்தரீன், இரும்புக் கட்டில் போன்ற அடுப்புச் சட்டம் இருந்தால் லாரன்ஸ், காலடியில் சிங்கம் இருந்தால் ஜெரோம், தட்டில் இரண்டு கண்கள் இருந்தால் லூசியா, ஒட்டகத் தோல் உடுத்தியவர் திருமுழுக்கு யோவான். யோவான் இந்த ஊரின் காவல் புனிதர் என்பதால் அவரைத் திரும்பிய பக்கமெல்லாம் சந்திப்பீர்கள். இந்தப் பட்டியல் மனத்தில் இருந்தால் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் பாதிச் சுவர்கள் உங்களோடு பேசத் தொடங்கிவிடும்.

அடுத்து கிரேக்க, ரோமானியப் புராணக் கதைகள். அதற்கும் அடுத்து, மெடிசி குடும்பம் 1434இல் அதிகாரத்துக்கு வந்தது, 1494இல் விரட்டப்பட்டது, மீண்டும் திரும்பியது என்ற அரசியல் வரிசை. ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைக் கடைசியாகப் படித்தாலும் நட்டமில்லை.

இத்தாலிய மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் உண்டு. பட்டம் வரை அவை போதும். ஆனால் தேவாலயக் காவலர், நூலகப் பணியாளர், வீட்டு உரிமையாளர், அஞ்சலகக் கவுண்டர் என்று உங்கள் நாள் முழுவதும் இத்தாலிய மொழியில்தான் ஓடும். எண்கள், நேரம், திசை, மரியாதைச் சொற்கள் இவற்றோடு இறங்குங்கள். கதவு பூட்டியிருக்கும் ஒரு சிற்றாலயத்தின் முன் நின்று, இத்தாலிய மொழியில் இரண்டு வாக்கியம் பணிவாகக் கேட்கிறவருக்குத்தான் சாவி வரும்.

விசா நடைமுறை என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கான பதில் இது. தங்கும் காலம் 90 நாளைத் தாண்டினால் இத்தாலியின் தேசிய விசா, அதாவது டி வகை விசா, படிப்புக்காக எடுக்க வேண்டும். ஒரு முழு செமஸ்டர் அநேகமாக அந்த வரம்பைத் தாண்டிவிடும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா 180 நாளுக்குள் 90 நாளுக்கு மட்டுமே செல்லும். அதற்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

டி விசாவில் வந்து இறங்கிய எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் பெயர் ‘பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ’. விண்ணப்ப உறையை அஞ்சலகத்தில் வாங்கி, நிரப்பி, 16 யூரோ வருவாய் முத்திரை ஒட்டி, அஞ்சலகத்திலேயே கொடுக்க வேண்டும். பிறகு கைரேகை பதிக்கக் காவல்துறை அலுவலகத்தில் ஒரு நாள் குறித்துத் தருவார்கள். அனுமதி அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகலாம்; அதுவரை அஞ்சலக ரசீதுதான் உங்கள் ஆதாரம். அதைத் தொலைக்காதீர்கள். நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். வரி எண்ணான ‘கோதிச்சே ஃபிஸ்காலே’யையும் வந்த உடனே வாங்கிவிடுங்கள், வாடகை ஒப்பந்தத்துக்கு அது தேவைப்படும்.

எங்கே தங்குவது?

பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை அதிகம், சத்தமும் அதிகம். ஆர்னோ ஆற்றின் தென்கரையான ஓல்த்ரார்னோ பகுதியையும் முதலில் பாருங்கள். தச்சர், சட்டம் போடுகிறவர், பொன் தகடு ஒட்டுகிறவர் ஆகியோரின் பட்டறைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஓவியர் மசாச்சோவின் சுவரோவியங்கள் உள்ள கார்மினே ஆலயமும் அந்தக் கரையில்தான். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வகுப்புகள், தேர்வுகள் எப்படி இருக்கும்?

முதல் செமஸ்டர் செப்டம்பரிலோ அக்டோபரிலோ தொடங்கும், இரண்டாவது பிப்ரவரி அல்லது மார்ச்சில். இத்தாலியப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால், குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் கழித்து வகுப்பு தொடங்குவது நெடுநாள் வழக்கம். வெளிநாட்டுக் கல்லூரிகள் அங்கே நடத்தும் மையங்களில் இந்தச் சலுகை கிடையாது. வகுப்பில் பாதி, கட்டடத்துக்கு வெளியே, ஓவியத்தின் முன்னாலேயே நடக்கும். நின்றபடி குறிப்பு எடுக்கப் பழகுங்கள். கெட்டி அட்டை போட்ட சிறிய நோட்டு போதும்.

தேர்வு பெரும்பாலும் வாய்மொழியாக நடக்கும். பேராசிரியர் ஒரு படத்தைக் காட்டி, யார், எப்போது, எங்கே, எதற்காக என்று கேட்டுக்கொண்டே போவார். மதிப்பெண் 30க்கு, 18 தேர்ச்சி, 30க்கு மேல் ‘லோதே’ என்ற பாராட்டும் உண்டு. கிடைத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிட்டு மறுபடி எழுதலாம் என்பது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு செமஸ்டரின் முழுச்சுமை 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. உங்கள் கல்லூரி எத்தனை கிரெடிட்டை ஏற்கும் என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓர் ஓவியத்தின் முன் நின்று என்ன செய்வது? ஐந்து நிமிடத்தில் எனக்குப் பார்த்து முடிந்துவிடுகிறதே?

எல்லாருக்கும் முதலில் அப்படித்தான். அதனால் முதல் வாரத்திலேயே பார்ஜெல்லோ அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வேன். அங்கே இரண்டு வெண்கலத் தகடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1401இல் திருமுழுக்கு மண்டபத்தின் கதவுக்கு நடந்த போட்டியில் லொரென்ஸோ கிபெர்ட்டியும் புருனெல்லெஸ்கியும் செய்து கொடுத்தவை அவை. கதை ஒன்றுதான்: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்கும் கணம். நான்கிதழ் வடிவச் சட்டமும் ஒன்றுதான். வேலையாள்கள், கழுதை, ஆட்டுக்கடா, வானதூதர் எல்லாம் இரண்டிலும் உண்டு. இத்தனையும் ஒன்றாக இருக்கும்போது, வேறுபடுவது செய்தவரின் எண்ணம் மட்டுமே.

கைகளை மட்டும் பாருங்கள். புருனெல்லெஸ்கியின் ஆபிரகாம் மகனின் தலையைப் பின்னுக்குத் தள்ளிக் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டார். வானதூதர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து நிறுத்துகிறார். கிபெர்ட்டியின் தூதர் தொலைவில், வானில் மிதக்கிறார், யாரையும் தொடவில்லை. அவருடைய ஈசாக் பழங்கால ரோமானியச் சிலை போன்ற உடலோடு நிமிர்ந்து பார்க்கிறான். ஒருவருக்கு இது விபத்து நடக்கும் நொடி, மற்றவருக்கு இது நாடகத்தின் ஓர் அசைவு. பிறகு தகட்டின் பின்புறத்தைப் பற்றிப் படியுங்கள். கிபெர்ட்டி பெரும்பாலும் ஒரே வார்ப்பாகச் செய்தார். புருனெல்லெஸ்கி உருவங்களைத் தனித்தனியாக வார்த்துத் தகட்டில் பொருத்தினார். அதனால் கிபெர்ட்டியின் தகடு சுமார் 7 கிலோ எடை குறைவு, வெண்கலச் செலவும் குறைவு. வென்றவர் கிபெர்ட்டி. நடுவர்கள் அழகை மட்டும்தான் பார்த்தார்களா என்று நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். அந்தக் கேள்வி எழுந்த இடத்தில்தான் கலை வரலாறு தொடங்குகிறது.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு தனி ஓவியங்களுக்குப் போங்கள். பெயர்ப் பலகையைப் படிக்காமல் கால் மணி நேரம் கண்ணால் மட்டும் பாருங்கள். காண்பதை நோட்டில் வாக்கியங்களாக எழுதுங்கள்: யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் பார்வையைத் தவிர்க்கிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தரை எங்கே முடிகிறது. அதன்பிறகு பலகையைப் படியுங்கள். அடுத்த வாரம் வேறு நேரத்தில் திரும்ப வாருங்கள். உங்கள் பழைய குறிப்பில் தவறும் விடுபட்டதும் தெரியவந்தால் பார்வை வளர்கிறது என்று அர்த்தம்.

எங்கே நிற்கிறோம் என்பதும் பார்ப்பதில் சேர்த்தி. சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோவின் ‘மூவொரு கடவுள்’ சுவரோவியம் 1420களின் பிற்பாதியில் வரையப்பட்டது. அதில் ஆழம் காட்டப் போட்ட தூரக்கோடுகள் எல்லாம் சிலுவையின் அடியில், நிற்பவரின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான உயரத்தில் வந்து கூடுகின்றன. புத்தகத்தில் அது ஒரு வரைபடம். சரியான தூரத்தில் நின்றால் சுவர் திறந்து உள்ளே ஒரு சிற்றாலயம் இருப்பது போலத் தோன்றும். கீழே படுத்திருக்கும் எலும்புக்கூட்டின் மேல், ‘நீ இருப்பது போல் நான் இருந்தேன், நான் இருப்பது போல் நீ ஆவாய்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வாசகம் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது அங்கே நிற்பவருக்குச் சந்தேகமின்றிப் புரியும்.

அருங்காட்சியகமா, தேவாலயமா? எதற்கு அதிக நேரம் கொடுப்பது?

தேவாலயத்துக்கு. உஃபிஸியில் நீங்கள் பார்க்கும் பீட ஓவியங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு பலிபீடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவை. மெழுகுவர்த்தி வெளிச்சமும் அந்த உயரமும் அந்த வழிபாடும் போய்விட்டன. தேவாலயத்தில் இருக்கும்போது அவை உடன் இருக்கின்றன. கார்மினே ஆலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயத்தில், மசாச்சோ வரைந்த உருவங்களின் நிழல் விழும் திசை, அங்கே பீடத்துக்கு மேலே உள்ள உண்மையான ஜன்னலைப் பின்பற்றுகிறது. அதை இடம்பெயர்த்திருந்தால் பாதி அறிவு தொலைந்துபோயிருக்கும். ஏதேன் தோட்டத்திலிருந்து விரட்டப்படும் ஆதாம், ஏவாளின் மேல் பிற்காலத்தில் பூசப்பட்ட இலைகளை 1980களில் நடந்த பாதுகாப்புப் பணி நீக்கியது. அந்தச் சிற்றாலயத்துக்கு முன்பதிவு வேண்டும். உள்ளே இருக்கும் நேரமும் அளந்துதான் தருவார்கள்.

இன்னொன்று சான் மார்கோ துறவு மடம். மாடிப்படி ஏறியதும் எதிரே ஃப்ரா ஆஞ்சலிகோ வரைந்த மங்கள வார்த்தை அறிவிப்பு, அதாவது கபிரியேல் தூதர் மரியாளிடம் வரும் காட்சி. இந்தக் கன்னியின் முன் வரும்போது வாழ்த்துச் சொல்லாமல் கடந்துவிடாதே என்று அதன் அடியில் லத்தீனில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்தப் படியேறிய துறவிகளுக்காக எழுதியது அது. மடத்தின் அறை ஒவ்வொன்றிலும், ஒரே ஒரு துறவியின் தனிமைக்காக, ஒரு சுவரோவியம் உண்டு. தங்க மினுக்கம் கிடையாது. இந்த ஊரில் ஓர் இடத்துக்கு மட்டும்தான் போக முடியும் என்றால் அங்கே போகச் சொல்வேன். திறந்திருக்கும் நேரம் குறைவு என்பதால் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

தேவாலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்க்கக் கூடாது. பல ஆலயங்கள் மதியம் சில மணி நேரம் மூடியிருக்கும். சில இடங்களில் காசு போட்டால் எரியும் விளக்கு உண்டு, சில்லறை வைத்திருங்கள்.

சுவரோவியத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அது சுவரின் மேல் ஒட்டிய படம் அல்ல, சுவரின் உடலே அதுதான். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிறத்தைத் தண்ணீரில் கரைத்து இடுகிறார்கள். பூச்சு காய்ந்து இறுகும்போது நிறத்தையும் கல்லாக்கிக்கொள்கிறது. பூச்சு ஈரமாக இருக்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு பரப்பில் மட்டும் பூசுவார்கள். அந்த நாள்வேலைகளின் எல்லைக்கோட்டைச் சாய்வான வெளிச்சத்தில் கண்ணாலேயே காணலாம். முகத்துக்கு ஒரு நாள், வானத்துக்கு ஒரு நாள் என்று ஓவியரின் நாட்குறிப்பைப் படிப்பது போன்றது அது.

சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஓவியர் ஜொத்தோ வரைந்த இரண்டு சிற்றாலயங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பார்தி சிற்றாலயத்தில் பெரும்பாலும் ஈரப் பூச்சில் வரைந்தார். பெருத்ஸி சிற்றாலயத்தில் உலர்ந்த பூச்சின் மேல் வரைந்தார். இரண்டாவது எவ்வளவு மங்கிப்போயிருக்கிறது என்பதைப் பார்த்தால், செய்முறைப் பாடம் ஒரே பார்வையில் முடிந்துவிடும். நீலத்தைப் பெரும்பாலும் உலர்ந்த பின்னரே பூசுவார்கள் என்பதால், பல சுவர்களில் வானமும் மரியாளின் அங்கியும் உதிர்ந்து கறுத்துக் கிடக்கும். அதைப் பார்த்து ஓவியர் இருட்டை விரும்பினார் என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

டிக்கெட் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கூட்டம் பெருத்திருக்கும் என்பதால் அன்று உஃபிஸியைத் தவிர்த்துச் சிறிய இடங்களுக்குப் போங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லா நாளும் இலவசம். 18 முதல் 25 வயது வரையிலான ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு 2 யூரோ. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த 2 யூரோ பொருந்தாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு, தொல்லியல், கட்டடக்கலை போன்ற துறைகளில் பதிவு செய்த மாணவர்களுக்கு இலவச அனுமதி உண்டு. சேர்க்கைச் சான்றிதழைக் காட்ட வேண்டும். உங்கள் பதிவு எந்த வகையில் வருகிறது என்று கல்லூரியிடம் கேளுங்கள். உஃபிஸிக்கும் டேவிட் சிலை உள்ள அக்காடெமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

கட்டணமே இல்லாத நல்ல இடங்களும் இருக்கின்றன. சாந்தா திரினிதா ஆலயத்தில் கிர்லாந்தாயோவின் சாஸெத்தி சிற்றாலயம், 1485இன் பீட ஓவியத்தோடும் சுற்றுச்சுவர்களோடும் அப்படியே இருக்கிறது. சாந்தா ஃபெலிசிதாவில் போந்தோர்மோ 1520களில் வரைந்த, சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைச் சுமந்து செல்லும் ஓவியம். அதன் இளஞ்சிவப்பையும் வெளிர்நீலத்தையும் எந்த அச்சும் சரியாகத் தந்ததில்லை. சாந்த் அப்பொல்லோனியாவில் கஸ்தாஞ்ஞோவின் இறுதி இராவுணவு, 1447.

புகைப்படம் எடுக்கலாமா?

பெரும்பாலான இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் அறவே கூடாது. ஆனால் படம் எடுத்த பொருளை மனம் மறந்துவிடுகிறது. பென்சிலால் வரைந்தது தங்குகிறது. வரையத் தெரிய வேண்டியதில்லை. கட்டங்களும் அம்புக்குறிகளும் போதும். பேனாவையும் மையையும் காட்சிக்கூடங்களில் அனுமதிப்பதில்லை, பென்சில் கொண்டுபோங்கள்.

கட்டுரை எழுதும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தேதிகளில். ஃபிளாரன்ஸில் 1750 வரை புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. கபிரியேல் தூதர் மரியாளிடம் வந்த மங்கள வார்த்தைத் திருநாள் அது. அதனால் பழைய ஆவணத்தில் ‘பிப்ரவரி 1424’ என்று இருந்தால் நம் கணக்கில் அது 1425. இரண்டு நூல்களில் ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு ஆண்டுகள் போட்டிருப்பதைக் கண்டால் முதலில் மாதத்தைப் பாருங்கள். ஊரெங்கும் மங்கள வார்த்தை ஓவியங்கள் நிறைந்திருப்பதற்கும் இந்தத் திருநாளின் முக்கியத்துவம் ஒரு காரணம்.

இன்னொன்று, பார்க்கும் பொருள் மூலமா, நகலா, பிற்காலச் சேர்க்கையா என்பது. சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நிற்கும் டேவிட் நகல். மைக்கலாஞ்சலோ 1504இல் முடித்த மூலச் சிலை, 5 மீட்டருக்கு மேல் உயரம், 1873இல் அக்காடெமியாவுக்குக் கொண்டுபோகப்பட்டது. திருமுழுக்கு மண்டபத்தின் ‘சொர்க்க வாசல்’ கதவும் நகல்தான். மூலம் பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எல்லாரும் முதலில் படம் எடுக்கும் பேராலயத்தின் பளிங்கு முகப்பு மறுமலர்ச்சிக் காலத்தது அல்ல; 1887இல் முடிக்கப்பட்டது.

நூலகத்துக்குக் குறை இல்லை. ஜெர்மானியர்கள் 1897இல் தொடங்கிய கலை வரலாற்று நிறுவனம் இந்தத் துறையின் பெரிய நூலகங்களில் ஒன்று. இளநிலை மாணவர்களுக்கு அனுமதி எளிதல்ல. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் ஐரோப்பியக் கிறிஸ்தவக் கலைதானே? வேறு மரபிலிருந்து வருகிற எனக்கு அதில் என்ன இடம்?

நல்ல கேள்வி, வகுப்பிலும் இதைக் கேளுங்கள். கிர்லாந்தாயோவின் ஒப்பந்தத்தில் பேரம் பேசப்பட்ட அந்த உயர்தர நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய கல்லிலிருந்து வந்தது. உஃபிஸியில் ஜென்திலே தா ஃபாப்ரியானோ 1423இல் வரைந்த ஞானிகளின் ஊர்வலத்தில், மரியாளின் தலையைச் சுற்றிய ஒளிவட்டத்தில் அரபி எழுத்தைப் போலச் செய்த கோலம் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த துணிகளிலும் உலோகப் பாத்திரங்களிலும் பார்த்துப் பழகிய அழகு அது. தனித்து, தானாகவே முளைத்த கலை என்று எதுவும் இல்லை என்பதை இந்த ஊரின் சுவர்களே சொல்கின்றன. வேறு மரபில் வளர்ந்த கண், உள்ளூர் மாணவர் பழக்கத்தால் கடந்துபோகும் இத்தகைய இடங்களில் நின்றுவிடும். அதைப் பலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் மேற்குக் கோடியில் கஸ்சினே பூங்கா முடியும் இடத்தில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. கோல்ஹாபூரின் இளம் அரசர் ராஜாராம் 1870இல் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஃபிளாரன்ஸில் இறந்தார். ஆர்னோ, முன்யோனே ஆறுகள் கூடும் அந்தக் கரையில் இந்து முறைப்படி அவருக்கு எரியூட்டினார்கள். 1874இல் மண்டபம் எழுந்தது. அருகிலுள்ள பெரிய பாலத்துக்கு ‘இந்தியர் பாலம்’ என்றே பெயர். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத இடம். ஒரு மாலை நேரத்தில் நடந்து போய் வாருங்கள்.

வாரக் கடைசியில் எங்கெல்லாம் போகலாம்?

விமானம் ஏறி வாரம் ஒரு தலைநகரம் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. அது இந்த செமஸ்டரைத் தின்றுவிடும் என்று உறுதியாகச் சொல்வேன். பஸ்ஸிலும் ரயிலிலும் போகக்கூடிய தூரத்தில் ஒரு வாழ்நாளுக்கான வேலை இருக்கிறது.

சியேனாவுக்கு பஸ்ஸில் போங்கள். ரயில் நிலையத்தைவிட அது ஊருக்குப் பக்கத்தில் விடும். அங்கே நகர மன்றத்தில் அம்புரோஜோ லொரென்சேத்தி 1338-39இல் வரைந்த நல்லாட்சி, தீய ஆட்சிச் சுவரோவியங்கள். ஆட்சியாளர்கள் கூடி முடிவெடுத்த அறையிலேயே, அவர்கள் கண்ணில் படும்படி, அவர்கள் தவறினால் ஊர் என்ன ஆகும் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். துச்சோவின் பெரிய பீட ஓவியமும் (1308-11) அதே ஊரில். படுவாவில் ஜொத்தோவின் ஸ்குரொவேஞ்ஞி சிற்றாலயம், முன்பதிவு கட்டாயம். உள்ளே விடும் முன், வெளிக்காற்றின் ஈரம் சுவரைத் தாக்காதிருக்க, ஓர் அறையில் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். அரேத்ஸோவில் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியங்கள். ரோமில் சான் லுயிஜி ஆலயத்தின் கரவாஜோ ஓவியங்கள். வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம்.

கலாச்சாரம் என்ற பாடத்தில் கலைக்கு வெளியே என்ன இருக்கிறது?

விழாக்கள் முக்கியம். உயிர்த்த ஞாயிறன்று பேராலயத்தின் முன் வெடிமருந்து நிரப்பிய தேரைக் கொளுத்தும் சடங்கு, செப்டம்பர் 7 மாலையில் குழந்தைகள் ஏந்தி வரும் காகித விளக்குகள், ஜூன் 24 யோவான் திருநாளன்று சாந்தா குரோச்சே சதுக்கத்தில் நான்கு பேட்டைகளின் முரட்டுப் பந்தாட்டம். ஓவியங்களில் பார்த்த பேட்டைகளும் ஆலயங்களும் அன்றைக்கு உயிரோடு நடமாடும்.

1966 நவம்பர் 4 வெள்ளத்தைப் பற்றி வயதானவர்களிடம் கேளுங்கள். ஆர்னோ கரை மீறி ஊருக்குள் புகுந்தது. சாந்தா குரோச்சேயில் சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் நிறத்தில் பெரும்பகுதியை இழந்தது. தேசிய நூலகத்தின் நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து, கைமாற்றிக் கைமாற்றி நூல்களைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. நவீனப் பாதுகாப்புக் கலையின் பல முறைகள் அந்த நெருக்கடியில் உருவானவை. இழந்த இடங்களை மறைத்து வரையாமல், இழப்பு தெரியும்படியே விட்ட அந்தச் சிலுவையைப் போய்ப் பாருங்கள்.

கூட்டம் தாங்க முடியவில்லை. என்ன செய்வது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊர் அமைதியாக இருக்கும், கிறிஸ்துமஸ் வாரம் தவிர. மற்ற மாதங்களில் திறந்த முதல் மணி, அல்லது மூடுவதற்கு முந்தைய மணி.

திரும்பும் முன் என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு பாடத்தின் முழுப் பாடத்திட்டம், வகுப்பு நேரங்களின் எண்ணிக்கை, நீங்கள் எழுதிய கட்டுரைகளின் திருத்தப்பட்ட பிரதி. மதிப்பெண் பட்டியல் வர வாரக்கணக்கில் ஆகும். அது உங்கள் கல்லூரிக்கு நேரடியாகப் போக ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள், ஆங்கிலப் பதிப்பும் கேளுங்கள். வாய்மொழித் தேர்வுகள் வகுப்புகள் முடிந்து பல வாரங்கள் கழித்துக்கூட அமையும் என்பதால், தேர்வு அட்டவணையைப் பார்க்காமல் திரும்பும் டிக்கெட் எடுக்க வேண்டாம்.